பனிப்புயல் நாளின் ஞானத்தகப்பன்

என் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்காருகிற எல்லோரும் கதையை ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். பஸ் நிலையத்தில் இறங்கினேன், எலும்பு வரைக்கும் குளிர், கையில் ஒரு அட்டைப்பெட்டி, அப்புறம் என் கொம்பாத்ரே வந்து கூட்டிக்கொண்டு போனார்.

பதினேழு பேரைப் பதிவு செய்து முடித்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எழுபதுகளில் மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்தின் ஒரே மூலையிலிருந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கத்துக்கு வந்து, போலந்துக்காரர்கள் கட்டிய கோவிலைச் சுற்றிக் குடியேறியவை பதினோரு குடும்பங்கள். பிள்ளைகளோ நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு பிள்ளையையும் ஞானஸ்நானத்தில் ஏந்திக்கொள்ள ஒரு ஜோடி வேண்டும். பிள்ளை வளர்ந்ததும் நடக்கும் உறுதிபூசுதலுக்கு ஒரு ஜோடி. பெண்பிள்ளை என்றால் பதினைந்தாம் பிறந்தநாளுக்குக் கேக் ஒருவர், செருப்பு ஒருவர், தலைக்கிரீடம் ஒருவர். பிள்ளைக்கு அவர்கள் ஞானப்பெற்றோர். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அவர்கள் கொம்பாத்ரே, கொமாத்ரே. கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு படி மேல். இப்படியே போனால் எங்கள் தெருக்களில் கொம்பாத்ரே ஆகாமல் மிஞ்சியவர் தபால்காரர் ஒருவர்தான். அவரும் ஸ்பானிஷ் தெரியாததால் தப்பித்தார்.

நான் ரொசால்பா. நூலகத்தின் எங்கள் பகுதிக் கிளையில் பத்தொன்பது வருடமாக வேலை. போன வருடம் நூலகம் அந்தப் பழைய குடும்பங்களின் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யத் தீர்மானித்தபோது, அந்த வேலை என் மேஜைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் பின்னறை, ஒரு கருவி, இரண்டு நாற்காலி, அம்மா கொடுத்தனுப்பும் காபி. இவ்வளவுதான் ஏற்பாடு.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, எவரிஸ்தோ பத்ரீனோ இனிப்பு ரொட்டிக் கூடையோடு நூலகத்துக்கு வந்தார். பத்ரீனோ என்றால் ஞானத்தகப்பன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். அறுபத்தெட்டு வயது, மீசை மட்டும் இன்னும் கறுப்பு. அன்று கழுத்தில் டை கட்டியிருந்தார். கூடைக்கு மேல் கஞ்சி போட்ட வெள்ளைத் துணி.

"என்ன பத்ரீனோ, யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல. பொண்ணு கேக்க வந்திருக்கேன்."

"யாரை?"

"உங்கம்மாவை."

நான் முத்திரை குத்திக்கொண்டிருந்த புத்தகத்தில் முத்திரை தலைகீழாக விழுந்தது.

"எர்லிண்டாவோட அப்பா அம்மா ஊர்ல கல்லறையில இருக்காங்க," என்றார் அவர், பாடம் ஒப்பிப்பதுபோல. "அங்க போய்க் கேட்டா பதில் வராது. வீட்டுக்குப் பெரிய மனுஷி இப்ப நீதான். அதான் கூடையை இங்க கொண்டுவந்தேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

அப்பா நிக்கனோர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எவரிஸ்தோவின் மனைவி சொகோரோ போய் ஐந்து வருடம். அம்மாவின் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எப்போது நின்றாலும் அவர்தான் வந்து சரிசெய்வார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கென்று ஒரு தட்டு தானாகவே மேஜைக்கு வரும். அவர் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதுதான் ஆச்சரியம்.

"என்கிட்ட கேட்டா நான் சரின்னுதான் சொல்வேன்," என்றேன்.

"அவகிட்டயும் கேட்டுட்டேன். போன வாரம். மாட்டேன்னுட்டா. அதான் ரொட்டி வாங்கிட்டு உன்கிட்ட வந்தேன்."

அன்று மாலை வேலை முடிந்து நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சோளத் தோகைகளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலின் கீழ்த்தளத்தில் தமாலே விற்பது அவள் பொறுப்பு. சோளமாவைத் தோகையில் மடித்து அவித்தெடுக்கும் அந்தக் கொழுக்கட்டைக்காகவே பூசைக்கு வருகிறவர்கள் உண்டு.

"உனக்காவது அறிவு வேணாம்?" என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே. "அவர் கூடையைத் தூக்கிட்டு வந்தா, நீ ரொட்டியை வாங்கித் தின்னுடுவியா?"

"நல்லா இருந்துச்சும்மா. உனக்கு ரெண்டு வச்சிருக்கேன்."

"ரொசால்பா, அவர் என் கொம்பாத்ரேடி! உன்னைக் கையில ஏந்தினவர். கொம்பாத்ரேயும் கொமாத்ரேயும் சேர்ந்தா கல்லாப் போயிடுவாங்கன்னு எங்க ஊர்ல ரெண்டு பாறையையே காட்டுவாங்க. ஒண்ணு தொப்பி போட்ட மாதிரியே இருக்கும்."

"நான் மத்தியானமே சாமியாரை ஃபோன்ல கேட்டுட்டேன். திருச்சபைச் சட்டத்துல அப்படி எந்தத் தடையும் இல்லைங்கறார்."

"சாமியாருக்குச் சட்டம் தெரியும். அம்பாரோவைத் தெரியாது."

அம்பாரோ அம்மாவின் அறுபது வருடத் தோழி. தெருவில் யார் தும்மினாலும் அடுத்த தெருவில் சொல்லிவிட்டு வருகிறவள். அதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை. ஆனால் அடுப்புப் பக்கத்தில் ஒரு சிறிய கிண்ணத்தில் அன்னாசிப்பழம் நறுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அன்னாசி போட்ட இனிப்புத் தமாலே எங்கள் கோவிலில் ஒரே ஒருவருக்குத்தான் பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை எவரிஸ்தோவின் முறை. அவர் கதையில் ஒரு பகுதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் பிறந்த அடுத்த மாதம், எழுபத்தொன்பது ஜனவரியில், பெரிய பனிப்புயல் அடித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஞானஸ்நானம். அதே நாளில்தான் கோவிலின் கீழ்த்தளத்தில் முதன்முதலாக ஸ்பானிஷில் பூசை. மேல்தளம் போலந்துக்காரர்களுக்கு, கீழே கொதிகலனுக்குப் பக்கத்தில் நாங்கள்.

கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு நாளா பனி கொட்டி, கார் எது மேடு எதுன்னு தெரியல. நான் உங்க வீட்டு மாடியில குடியிருந்தேன். தோல் பதனிடற ஷாப்புல உங்கப்பாவும் நானும் ஒரே ஷிப்ட். அன்னைக்கு கோவில் படியில பனி வாரிக்கிட்டிருந்தேன். பூசைக்கு இல்ல, சும்மா உதவிக்கு. உங்கப்பா ஓடி வந்து, 'வாரியைக் கீழ போடு, உள்ள வா'ன்னாரு. பூட்ஸ்ல பனி, மீசையில பனி. உன்னைக் கையில குடுத்தாங்க. நீ கத்துன கத்துல சாமியாருக்கு ஜெபமே மறந்துபோச்சு. அப்புறம் என் மீசையைப் பிடிச்சே. அவ்வளவுதான், அடங்கிட்டே."

"அப்புறம்?"

அவர் மேஜைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். தோல் ஷாப்பில் முப்பது வருடம் ஊறிய கைகள்.

"அந்த விளக்கை அணைம்மா."

அணைத்தேன்.

"அப்புறம் சாமியார் பெரிய புத்தகத்தை நீட்டினாரு. கையெழுத்துப் போடச் சொன்னாரு. பார்த்தா ரெண்டு பேர் எழுதியிருக்கு. மேல ஃபெலிசியானோ, உங்கப்பாவோட தம்பி. சிகாகோவுலேர்ந்து வரவேண்டியவர். ரயில் நின்னுபோச்சு. கீழதான் என் பேரு. 'அவருக்குப் பதிலாக'ன்னு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. வர முடியாத ஞானத்தகப்பனுக்குப் பதிலாக இன்னொருவர் நிற்கலாம். ஆனால் ஞானத்தகப்பன் வராதவர்தான்.

"அப்ப..."

"அப்ப உன் ஞானத்தகப்பன் ஃபெலிசியானோ. நான் பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போட்டு வச்ச மாதிரி. ஆனா உரியவர் வரவே இல்ல. அடுத்த வருஷமே ஊருக்குத் திரும்பிப் போயிட்டாரு. ஒரு கடுதாசி கூடப் போடல. அன்னைக்குக் கோவில் படியில நின்னு உங்கப்பா என் தோள்ல கை போட்டு, 'அவன் வரல, நீங்க வந்தீங்க. இனிமே நீங்கதான் என் கொம்பாத்ரே'ன்னாரு. அதுவரைக்கும் என்னை வாடா போடான்னு கூப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன். நானும் தலையாட்டிட்டேன். அதுலேர்ந்து நாற்பத்து மூணு வருஷமா ஆட்டிக்கிட்டே இருக்கேன்."

"பத்ரீனோ, இதை அம்மாகிட்ட சொன்னா போதுமே! நீங்க கொம்பாத்ரேயே இல்ல. கல்லும் இல்ல, பாறையும் இல்ல. நாளைக்கே கல்யாணம்."

"சொல்லலாம்." அவர் டையைத் தளர்த்தினார். "சொன்னா பொண்டாட்டி கிடைப்பா. பொண்ணு போயிடுவா."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எனக்கும் சொகோரோவுக்கும் பிள்ளை இல்ல. உனக்கே தெரியும். வருஷத்துல ஒரு நாள் உன் பிறந்தநாளுக்குப் பூசையில, 'ஞானப்பெற்றோர் எழுந்து நில்லுங்க'ன்னு சாமியார் சொல்வாரு. நான் எழுந்து நிப்பேன். அன்னைக்கு நானும் ஒரு தகப்பன். அதை எப்படிம்மா என் வாயால இல்லன்னு சொல்றது? சொன்னா நான் யாரு? கோவில் படியில பனி வாரின ஆளு."

என் மூளை வேகமாக வேலை செய்தது. பதினாறு வயதில் அடம்பிடித்து நான் உறுதிபூசுதலுக்குப் போகாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் பாக்கி.

"நான் இப்ப உறுதிபூசுதல் வாங்கிக்கறேன். அதுக்கு நீங்க நில்லுங்க. அப்ப புத்தகத்துலயே நீங்க என் ஞானத்தகப்பன். சரியா?"

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"அடியே, அப்ப மறுபடியும் உங்கம்மாவுக்கு நான் கொம்பாத்ரே ஆயிடுவேனே!"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஆனால் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று சொன்னார்: "இது உனக்குள்ளயே இருக்கட்டும். எர்லிண்டாகிட்ட வேணாம்." நானும் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா வந்தாள். நல்ல உடை, உதட்டுச் சாயம், கூடவே ஒரு பாத்திரம் நிறையத் தமாலே. நூலகக்காரர்கள் நாலு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள். அவர்களை விரட்டிவிட்டுக் கருவியை இயக்கினேன். பஸ் நிலையம், குளிர், அட்டைப்பெட்டி. இறைச்சித் தொழிற்சாலையில் முதல் நாள். சுடுநீர் வராத மாடி வீடு. பிறகு பனிப்புயல்.

"உன்னைப் போர்த்தியிருந்த கம்பளி என் கையில இருந்துச்சு," என்றாள் அம்மா. "ஃபெலிசியானோவுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வரல. கடைசியில புத்தகத்துல அவன் பேரையே எழுதிட்டு, அதுக்குக் கீழ பாவம் எவரிஸ்தோ கையெழுத்துப் போட்டாரு. குளிர்ல விரல் மடங்கல. மை கொட்டிடுச்சு."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"அம்மா. உனக்குத் தெரியுமா?"

"எது?"

"புத்தகத்துல யார் பேருன்னு."

"தெரியாம? பெத்தவ நான்தானே. பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம் எதுக்கு கொம்பாத்ரே, பாறை, தொப்பின்னு அவ்வளவு கதை விட்டே?"

அம்மா காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அவசரமே இல்லை.

"பாருடி. அந்த மனுஷன் நாற்பத்து மூணு வருஷமா உன் ஞானத்தகப்பன்னு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடக்கறாரு. நான் போய் 'நீங்க இல்ல'ன்னு சொன்னா, அவர் கையிலேர்ந்து உன்னைப் பிடுங்கற மாதிரி. கேவலம் ஒரு கல்யாணத்துக்காக அதைச் செய்வேனா? விட்டுக்குடுக்கறதா வேணாமான்னு அவர்தான் முடிவு பண்ணணும்."

"அவர் சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா, உனக்குத் தகப்பனா இருக்கறதுதான் அவருக்குப் பெருசுன்னு அர்த்தம். நல்ல விஷயம்தானே? அதுக்கும் நான் சந்தோஷம்தான் படுவேன்." கோப்பையை வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள், "கொஞ்சம் கம்மியா."

அவர் கையிலிருந்து நான் நழுவிவிடக்கூடாதென்று இரண்டு பேருமே வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், இரண்டு பேர் ரகசியத்தையும் பையில் போட்டுக்கொண்டு. அம்மா சொன்னதை அவரிடம் சொல்ல முடியாது. அவர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல முடியாது. யோசித்துப் பார்த்தால், எனக்கென்று சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது யாருடைய ரகசியமும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. முந்தின ராத்திரி பனி பெய்திருந்தது. மார்ச் கடைசியில் எங்கள் ஊர் இப்படித்தான், ஏரிப்பக்கமிருந்து காற்று திரும்பினால் குளிர்காலமும் திரும்பி வந்துவிடும். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனேன். நினைத்தபடியே எவரிஸ்தோ கோவில் படியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். நான் பனி வாரியை எடுத்துக் கீழ்ப் படிகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன்.

"உன் கோட்டு நனையும். உள்ள போ."

"பத்ரீனோ, ஒண்ணு கேக்கறேன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது யாரு?"

"நான்தான். வேலியில போய் விழுந்தே."

"என்னை காலேஜுக்குக் காரில கொண்டுபோய் விட்டது?"

"உங்கப்பாவுக்கு அன்னைக்கு ஷிப்ட்."

"என் கல்யாணம் முறிஞ்சப்போ, வீட்டு வாசல்ல வந்து ஒரு வார்த்தை பேசாம, உடைஞ்ச ஜன்னலை மாட்டிட்டுப் போனது? ஃபெலிசியானோவா?"

அவர் உப்பு வாளியோடு நின்றுவிட்டார்.

"புத்தகத்துல யார் பேர் வேணா இருக்கட்டும்," என்றேன். "உங்களைக் கூப்பிடறது என் வாய். ஒரு மாச வயசுலேயே நான் முடிவு பண்ணி மீசையைப் பிடிச்சுட்டேன். அம்மாவைக் கட்டிக்கிட்டாலும் நீங்க பத்ரீனோ. கட்டிக்கலைன்னாலும் பத்ரீனோ. யார் எழுந்து நின்னு என்ன சொன்னாலும், நீங்களே சொன்னாலும் சரி, நான் வேற எப்படியும் கூப்பிடப்போறதில்ல."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். இரண்டு படி மேலே ஏறினார். திரும்பி வந்தார்.

"அந்த மூலையில வாராம விட்டுட்டே பாரு," என்றார்.

பூசை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். இப்போது ஸ்பானிஷ் பூசை மேல்தளத்தில்தான். கீழே சாப்பாடு மட்டும். அம்மா பெரிய பானையின் மூடியைத் திறந்ததும் சோளமாவின் ஆவி கூரை வரை போயிற்று. வரிசையில் முதலில் அம்பாரோ, ஊன்றுகோலோடு. எவரிஸ்தோ வரிசையில் நிற்காமல் அறையின் நடுவுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார்.

சளசளப்பு அடங்கியது. அம்மாவின் கரண்டி பானைக்குள்ளேயே நின்றது.

"ரொசால்பாவோட ஞானஸ்நானத்துல நான் ஃபெலிசியானோவுக்குப் பதிலாத்தான் நின்னேன். புத்தகத்துல அவர் பேர்தான் இருக்கு. நான் அவளோட ஞானத்தகப்பன் இல்ல. இவ்வளவு வருஷமா அப்படிச் சொல்லிக்கிட்டு உங்க எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னிருக்கேன். மன்னிச்சுக்கணும்."

அம்பாரோ ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அவ்வளவுதானா? பாங்கைக் கொள்ளையடிச்சேன்னு சொல்லப்போறீங்களோன்னு பயந்துட்டேன்."

"கொமாத்ரே, நான்..."

"நான்தான் அன்னைக்கு மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு நின்னேன். சாமியாருக்கு வாய்ல நுழையாம ஃபெலிசியானோ பேரை மூணு தடவை வாசிச்சாரு. இங்க இருக்கற கிழங்கட்டை எல்லாருக்கும் தெரியும். என்ன லாசரோ?"

லாசரோ எங்கள் ஊரின் முதல் ரொட்டிக்கடைக்காரர். வாயில் ரொட்டியோடு தலையாட்டினார். "தெரியும். அந்த ஃபெலிசியானோ என் ஓவர்கோட்டைப் போட்டுக்கிட்டே ஊருக்குப் போயிட்டான்."

எவரிஸ்தோ தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அம்பாரோ. "பிள்ளையைக் கையில வாங்கினது நீங்க. வளர்த்ததுல பாதி நீங்க. அதுவுமில்லாம, எங்க எல்லார் வீட்டுக் கொதிகலனும் உங்க கையிலதான் இருக்கு. ஜனவரியில உங்களைப் பகைச்சுக்க எவளுக்குத் தைரியம்?"

அறையே சிரித்தது. அம்பாரோ சிரிக்கவில்லை, அம்மா பக்கம் திரும்பினாள்.

"இவ பாறைக் கதையை என்கிட்டயும் விட்டா. ரெண்டு வாரம் முன்னாடி. அம்பாரோ என்ன சொல்வான்னு என் பேரை இழுத்தியாமே? நான் என்ன சொல்றேன் தெரியுமா? வயசு அறுபத்து நாலு ஆச்சு, சீக்கிரம் பண்ணித் தொலைன்னு சொல்றேன்."

அம்மாவின் முகம் ஆவியாலா வேறெதனாலா தெரியவில்லை, சிவந்திருந்தது. அவள் பானைக்குள் தேடி, மஞ்சள் நூல் கட்டிய ஒரு தோகையை எடுத்தாள். அன்னாசி போட்டது. தட்டில் வைத்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எவரிஸ்தோ," என்றாள், முதல் தடவையாகக் கொம்பாத்ரே என்று கூப்பிடாமல். "சூடு ஆறுது. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். நின்ற இடத்தில் நாற்காலி இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, லாசரோ ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டார்.

"கேக்குக்கு நான்தான் ஞானத்தாய்!" என்றாள் அம்பாரோ உடனே. "மோதிரம் யாரு?"

"மோதிரம் நாங்க!" என்றது சன்னல் பக்கத்து மேஜை. மண்டியிட மெத்தை, மலர்ச்செண்டு, பாட்டுக்காரர்கள் என்று குரல்கள் நாலா பக்கமும் எழும்பின.

"ஐயோ, வேணாம்!" அம்மா கரண்டியைத் தூக்கினாள். "இந்த ஊர்ல இன்னும் ஒரே ஒரு கொம்பாத்ரே புதுசா வந்தாலும் நான் ஹலிஸ்கோவுக்கே ஓடிடுவேன்!"

யாரும் கேட்கவில்லை. அம்பாரோ ஏற்கெனவே என்னிடமிருந்து பேனா வாங்கிப் பட்டியல் போடத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை எவரிஸ்தோ தன் கதையை முழுவதும் சொன்னார், விளக்கை அணைக்காமல். பனி, வாரி, மீசை, புத்தகம், அந்தப் பெயர். முடிந்ததும் வழக்கம்போல அனுமதிப் படிவத்தை நீட்டினேன். பதிவு செய்பவருக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம் உண்டு. ஞானத்தகப்பன் என்று நானே எழுதி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

"ஜூன்ல கல்யாணம் ஆனதும் இதை மாத்தணுமே."

"மாத்த வேணாம். பக்கத்துல இடம் இருக்கு, சேர்த்துக்கலாம்."

அவர் படிவத்தைக் கிட்டே இழுத்து வைத்து, மை கொட்டாமல், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மேலே வேறு யார் பெயரும் இல்லை.